கம்பியில் குத்திய நாவல்

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் எடைமேடைக் கணக்கு பார்ப்பது என் வேலை. ஊரில் யாரும் மாங்கூழ் என்று சொல்வதில்லை, ஜூஸ் கம்பெனிதான். காய் ஏற்றி வரும் டிராக்டரோ லாரியோ மேடையில் ஏறி நிற்கும், மொத்த எடையைக் குறிப்பேன். காயைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது காலி எடையைக் குறிப்பேன். கழித்தால் நிகர எடை. சீட்டில் ஒரு பிரதி வண்டிக்காரருக்கு, ஒன்று அலுவலகத்துக்கு, மூன்றாவது என் மேசைமேல் இருக்கும் கம்பிக்கு. மரக்கட்டையில் நட்டுக்குத்தாக நிற்கும் அந்தக் கம்பியைப் பழைய மளிகைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். சீட்டைக் குத்திக் குத்தி மேலே அடுக்கிக்கொண்டே போகவேண்டியதுதான்.

பெங்களூரா காய் வரும் வைகாசி, ஆனி மாதங்களில் எங்களுக்கு இரவு பகல் கிடையாது. கிளிமூக்கு மாதிரி நுனி வளைந்த காய், கூழுக்கு அதுதான் அதிகம் போகும். வண்டிகள் சாலை வரை வரிசை கட்டி நிற்கும். ஆனால் உள்ளே கொட்டும் இடம் அடைத்துக்கொண்டால் அரை மணி நேரத்துக்கு ஒரு வண்டியும் மேடை ஏறாது. அந்த அரை மணி நேரங்களில், எண் தப்பாக விழுந்து ஒதுக்கிய சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். ஒரு சீட்டில் நூறு சொல்கூட அடங்காது. தோப்புக் காவலுக்குப் போன ஒரு குடும்பத்தின் கதை அது. பூ விட்டதுமே மரத்தைக் குத்தகைக்கு எடுக்கும் வியாபாரி, அந்த வியாபாரிக்காகக் குடிசை போட்டுக் காவல் கிடக்கும் குடும்பம், காய் இறங்கியதும் அவர்களுக்கு அங்கே வேலை இல்லை. மரம் ஒருவருடையது, காய் ஒருவருடையது, இரவு மட்டும் இவர்களுடையது.

எழுதிய சீட்டுகளுக்கென்று தனியாக ஒரு கம்பி வைத்தேன். அதில்தான் முதல் சிக்கல் தொடங்கியது. நடுவில் ஒரு சீட்டைப் பார்க்கவேண்டுமென்றால் மேலே உள்ள எல்லாவற்றையும் உருவவேண்டும். பார்த்துவிட்டுத் திரும்பக் குத்தும்போது வரிசை மாறும். ஒவ்வொரு முறையும் ஓட்டை பெரிதாகும். இரண்டு சீசனில் சில சீட்டுகள் சல்லடை ஆகிவிட்டன.

சரி, கணினியில் ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 2006-ல் தட்டச்சு நிலையத்துக்குப் போய்த் தமிழ் லோயர் முடித்தவன் என்பதால் விரல்களுக்குப் பழைய தட்டச்சு விசைப்பலகைதான் பழக்கம். கணினியில் தமிழ் அடிக்க உதவும் என்எச்எம் ரைட்டரில் அந்த அமைப்பும் இருந்தது, அதனால் தப்பித்தேன். அந்தக் காலத்தில் தனி எழுத்துருவில் அடித்து வைத்திருந்த நாற்பது பக்கம் வேறு இருந்தது. அதைத் திறந்தால் பூச்சி பறந்தது. எல்லாக் கணினியிலும் படிக்கக்கூடிய ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டு, விட்டுப்போன கொம்பையும் புள்ளியையும் கையால் சரிபார்க்க ஒரு மாதம் ஆனது.

எல்லாவற்றையும் வேர்டில் ஒரே கோப்பாகப் போட்டேன். அதுவும் ஒரு கம்பிதான் என்று புரியக் கொஞ்ச நாள் பிடித்தது. நூற்றைம்பதாவது பக்கத்தில் இருப்பதை முப்பதாவது பக்கத்துக்குக் கொண்டுபோக வெட்டி, உருட்டி, ஒட்டவேண்டும். உருட்டும் வழியில் வேறு ஏதாவது பத்தி கண்ணில் பட்டு அங்கேயே உட்கார்ந்து திருத்திக்கொண்டிருப்பேன். எதை வெட்டினோம் என்பதே மறந்துபோகும். 'நாவல் புதுசு', 'நாவல் புதுசு 2', 'நாவல் கடைசி', 'நாவல் கடைசி சரிபார்த்தது' என்று கோப்புகள் பெருகின. இந்த வரிசையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் தங்கள் கணினியையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

நாவல் எழுதவென்றே மென்பொருள்கள் இருக்கின்றன என்று தெரிந்தது அப்புறம்தான். ஆஸ்திரேலிய நாவலாசிரியர் சைமன் ஹெய்ன்ஸ் தனக்காக எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும் வைரைட்டரை ஒரு மாலை முழுக்கப் பார்த்தேன். திறமூலமாகக் கிடைக்கும் மேனுஸ்கிரிப்ட்டையும் பார்த்தேன். கடைசியில் தங்கியது ஸ்க்ரிவனரில். அதை உருவாக்கிய கீத் பிளவுண்ட் இங்கிலாந்தில் ஆசிரியராக இருந்தவர். நாவல் எழுத உட்கார்ந்தவருக்குக் குறிப்பும் அத்தியாயமும் ஒரே இடத்தில் இருக்கிறாற்போல் எதுவும் கிடைக்கவில்லை. தானே நிரல் எழுதக் கற்றுக்கொண்டு செய்துவிட்டார். 2007 ஜனவரியில் மேக் கணினிக்கு வந்தது, 2011-ல் விண்டோஸுக்கு. நாவலைத் தள்ளிப்போட ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போவார் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. அவரை நான் குறை சொல்லவில்லை, பொறாமைப்படுகிறேன். நான் தள்ளிப்போட்டதில் யாருக்கும் ஒரு மென்பொருளும் கிடைக்கவில்லை.

முப்பது நாள் சோதனைப் பதிப்பு என்று போட்டிருந்தது. மாதக் கணக்கில்லை, திறந்து வேலை செய்த நாள்தான் கணக்கு. சனி ஞாயிறு மட்டும் திறக்கிறவனுக்கு அது ஆவணியில் தொடங்கிக் கார்த்திகை வரை வந்தது. முதலில் புதிய திட்டத்துக்குப் பெயர் கேட்டது. சோதனைதானே என்று 'சோதனை' என்றே அடித்தேன்.

உள்ளே மூன்று விஷயம்தான் முக்கியம். இடது பக்கத்தில் கோப்புக்கட்டு மாதிரி ஒரு பட்டியல்: ஒவ்வொரு காட்சியும் தனித் தாள், தாள்களைப் பிடித்து இழுத்து மேலே கீழே வைக்கலாம். நடுவில் கார்க் பலகை: ஒவ்வொரு தாளுக்கும் ஒரு அட்டை, அதில் இரண்டு வரிச் சுருக்கம், எதையும் பிடுங்கி எங்கேயும் குத்தலாம். மூன்றாவது, பல தாள்களைத் தேர்ந்தெடுத்தால் அவை ஒட்டிப் போட்டதுபோல் ஒரே நீளமாகத் தெரியும், படித்துப் பார்த்துவிட்டு மறுபடி பிரித்துவிடலாம். கார்க் பலகையை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் எடைச்சீட்டுகள், கம்பி மட்டும் இல்லை.

அங்கேயே எழுத ஆரம்பித்திருக்கவேண்டும். நான் திட்டம் போட ஆரம்பித்தேன்.

நாவலுக்கென்று அதில் ஒரு வார்ப்புரு உண்டு. அதோடு பாத்திரக் குறிப்புப் படிவம் ஒன்று வரும். கதையில் பாத்திரத்தின் பங்கு, தொழில், தோற்றம், குணம், பழக்கவழக்கம், பின்னணி, அப்புறம் அகப் போராட்டம், புறப் போராட்டம். அகம் புறம் என்று எங்கள் தகடூர்க்காரர்களுக்கு ஆளைப் பிரித்துக் கொடுப்பது புதிதா என்ன. அதியமானுக்குப் புறம்தான் நிறைய. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் படிவத்தை நிரப்பினேன். காவல்காரன் மாரப்பனின் ஆயா ஒரே ஒரு காட்சியில் வந்து களி கிண்டிவிட்டுப் போகிறவள். அவளுக்கும் அகப் போராட்டம் என்ன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன். போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போகவேண்டிய ஞாயிறு அது. வீட்டில் அந்த வாரம் காய்கறி இல்லை.

அடுத்து வண்ணங்கள். தோப்பில் நடக்கும் காட்சிக்குப் பச்சை, ஊரில் நடந்தால் மஞ்சள், ஆற்றங்கரை என்றால் நீலம். பிறகு யார் பார்வையில் கதை நகர்கிறதோ அதற்கு வண்ணம் என்று மாற்றினேன். பிறகு பருவத்துக்கு வண்ணம்: பூ, பிஞ்சு, காய், சருகு. நான்கு பருவம், நான்கு பாகம். கேட்க அழகாக இருக்கும். அந்த அழகுக்காகவே இரண்டு மாதம் போனது, ஏனென்றால் 'சருகு' பாகத்துக்குக் காட்சி போதவில்லை. போதாத இடத்தில் வெறும் தலைப்பு போட்டு வெள்ளை அட்டைகளைக் குத்தி வைத்தேன். 'இங்கே ஒரு இழப்பு' என்று ஒரு அட்டையில் எழுதியிருந்தேன், நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. யார் எதை இழந்தார்கள் என்றுகூட இல்லை. இழப்பு வரவேண்டிய இடம் என்று மட்டும் தெரிந்திருக்கிறது.

மனைவி ஒருநாள் பின்னால் வந்து நின்று பார்த்தாள். "இது நல்லா இருக்கே, ரம்மி மாதிரி" என்றாள். கொஞ்சம் நேரம் கழித்து, "எப்பங்க எழுதுவீங்க?" என்றாள்.

பங்குனியில் அட்டைகள் நூற்றுப்பத்து. அவற்றில் எழுத்து இருந்தவை, சீட்டிலிருந்து ஏற்கெனவே ஏற்றியவற்றைக் கழித்தால், ஆறு. மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழிக்கத் தெரிந்தவனுக்கு இந்தக் கணக்கு ஏன் எட்டு மாதம் தெரியவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. அட்டை அடுக்குவதும் வேலை மாதிரிதான் இருக்கும். உட்கார்ந்தால் முதுகு வலிக்கும், எழுந்தால் ஏதோ முடித்த திருப்தியும் வரும்.

அப்புறம் சீசன் வந்தது. மடிக்கணினியை மூடி அலமாரியில் வைத்துவிட்டு எடைமேடைக்குப் போனேன். மூன்று மாதம் திறக்கவே இல்லை. ஆனால் சீட்டின் பின்பக்கம் எழுதுவது நிற்கவில்லை, அது கை பழகிப்போன வேலை. ஆடியில் கூட்டம் தணிந்ததும் எண்ணிப் பார்த்தேன், எழுபது சீட்டுக்கு மேல் இருந்தது. என் நான்கு பருவத் திட்டத்தில் அவற்றில் ஒன்றுக்கும் இடம் இல்லை. காவல் குடிசைக்குள் பாம்பு வந்த இரவு. குத்தகை வியாபாரியின் மகன் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து நிற்பது. வேடியப்பன் நடுகல்லுக்கு முன்னால் வைத்த பொங்கலைக் குரங்கு தின்பதும், அதைப் பார்த்துவிட்டு மாரப்பன் "சாமியே சாப்பிட்டுருச்சு" என்று கும்பிடுவதும். ஒரு பெரிய மழைக்கு முன்னால் எல்லோரும் பேசாமல் இருக்கும் பத்து நிமிடம்.

அவற்றை வைக்க இடம் தேடியபோதுதான் மென்பொருளை முதல்முறையாகச் சரியாகப் பயன்படுத்தினேன் என்று நினைக்கிறேன். நூற்றுப்பத்து அட்டைகளையும் 'பழைய திட்டம்' என்று ஒரு உறைக்குள் போட்டு நாவலுக்கு வெளியே தள்ளினேன். ஸ்க்ரிவனரில் அப்படி ஒரு வசதி இருக்கிறது: கையெழுத்துப் பிரதி என்ற உறைக்குள் இருப்பவை மட்டும்தான் புத்தகமாகும், வெளியே எவ்வளவு குப்பை கிடந்தாலும் அச்சுக்குப் போகாது. சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தனித் தாளில் ஏற்றினேன், எந்த வரிசையும் இல்லாமல். ஒன்றுக்கொன்று பேச ஆரம்பித்த தாள்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பாம்பு இரவும் மழைக்கு முந்தைய பத்து நிமிடமும் ஒட்டிக்கொண்டன. இடையில் எதுவும் தேவைப்படவில்லை. வேறு சில இரண்டுக்கு நடுவே ஒரு பள்ளம் தெரிந்தது, அங்கே ஒரு தாள் செருகி எழுதினேன். இப்போது அது 'இங்கே ஒரு இழப்பு' இல்லை. என்ன எழுதவேண்டும் என்பது இரண்டு பக்கத்துத் தாள்களையும் பார்த்தாலே தெரிந்தது.

அந்த ஆண்டு பாலக்கோடு பக்கம் ஒரு ஊரில் பாரதக் கூத்து பார்க்கப் போயிருந்தேன். வாத்தியாரோடு டீக்கடையில் உட்காரக் கிடைத்தது. ராத்திரிக்கு ராத்திரி எதை எவ்வளவு ஆடுவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டேன். எழுதி வைத்திருப்பீர்களா?

"நோட்டு இருக்குது சார், பாட்டுக்கு. கணக்குக்கு இல்ல. பதினெட்டாம் போர் ராத்திரி ஆடுனா விடிஞ்சதும் படுகளம். துரியோதனன் களத்துல படுத்துத்தான் ஆவணும், அத மாத்த முடியாது. அதுக்கு முன்னால கூட்டம் தூங்குனா கட்டியங்காரன விடுவேன், முழிச்சிருந்தா பாட்ட இழுப்பேன்."

வீட்டுக்கு வந்து நான் செய்த திட்டம் நான்கே அட்டை. காவல் குடிசை போடுவது, மகள் கல்யாணம், தோப்பு விற்பனை, கடைசியில் ஒரு மரம் வெட்டுவது. இந்த நான்கையும் நகர்த்தக்கூடாது என்று சிவப்பு. மற்ற எல்லாம் நிறம் இல்லாமல்.

திட்டமே கூடாது என்று சொல்ல வரவில்லை. திட்டப் பலகையில் ஒரே ஒரு விஷயம் எனக்கு நாவலையே மாற்றிக் கொடுத்தது. காட்சிகளைப் பட்டியலாகப் பார்க்கும் இடத்தில் நமக்கு வேண்டிய நெடுவரிசை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நான் 'ஆண்டு' என்று ஒன்றைச் சேர்த்தேன். மாங்கன்று நட்டு எத்தனை வருடத்தில் என்ன நடக்கிறது என்பது குழம்பக்கூடாது, அவ்வளவுதான் நோக்கம். வரிசையாக ஆண்டுகளை நிரப்பிக்கொண்டு வந்தபோது 1998-ல் நின்றேன். மாரப்பன் பட்டா கேட்டு மனு கொடுக்கக் கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகத்துக்குப் போகிறான் என்று எழுதியிருந்தேன். கிருஷ்ணகிரி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-ல். அதற்கு முன்னால் தருமபுரி மாவட்டம்தானே. அவன் தருமபுரிக்கு அல்லவா போயிருக்கவேண்டும்?

சரி, ஊர்ப் பெயரை மாற்றிவிடலாம் என்று போனால் இன்னொன்று இடித்தது. அதே பட்டாவுக்காக அவன் அப்பா 1962-ல் மனு கொடுக்கும் காட்சி இருக்கிறது. 1965 வரை தருமபுரியே சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆள் சேலம் போயிருப்பார், ஒரு நாள் கூலியை விட்டு, ராத்திரி அங்கே எங்காவது படுத்து. மகன் தருமபுரிக்குக் காலையில் பஸ் ஏறி மாலையில் திரும்புகிறான். பேத்தி 2005-ல் கிருஷ்ணகிரிக்கு ஸ்கூட்டியில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். மூன்று தலைமுறையில் அலுவலகம் பக்கத்தில் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறது, காகிதம் மட்டும் வரவில்லை. இதை நான் யோசித்து எழுதவில்லை. ஆண்டு என்ற நெடுவரிசையில் மூன்று எண் ஒன்றன்கீழ் ஒன்று நின்றதால் கண்ணில் பட்டது. நாவலில் இன்று எனக்குப் பிடித்த மூன்று அத்தியாயம் அவைதான்.

பென் டிரைவ் கதையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். கம்பெனிக் கணினியில் மதிய நேரத்தில் எழுதலாம் என்று, வீட்டில் உறைக்குள் இருந்த ஒரு கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போனேன். திட்டத்தின் பெயர் அதில்தான் இருந்தது, அதுதான் நாவல் என்று நினைத்துவிட்டேன். விண்டோஸில் ஸ்க்ரிவனர் திட்டம் என்பது ஒரு கோப்பு இல்லை, ஒரு உறை. எழுத்தெல்லாம் உள்ளறைகளில் தாள் தாளாகத் தனிக் கோப்புகளில் இருக்கும். நான் எடுத்துப் போன கோப்பில் இருப்பது தலைப்புகளும் அவற்றின் வரிசையும்தான். ஒரு மதியம் வீணானதைத் தவிர நஷ்டம் இல்லை. ஆனால் என் முதல் எட்டு மாத உழைப்பு மொத்தமும் அந்த ஒரு சின்னக் கோப்புதான் என்பது உறைத்தது. அன்றிலிருந்து உறை முழுவதையும் சுருக்கி எடுத்துப் போகிறேன். திட்டத்தை மூடும்போதெல்லாம் மென்பொருளே ஒரு காப்புப் பிரதி எடுத்து வைக்கும். என் அமைப்பில் கடைசி ஐந்து பிரதிகள். ஐந்து போதும் என்று நினைத்திருந்தேன்.

அது போதாமல் போன கதைதான் பெரிய கதை.

மாரப்பன் என்ற பெயர் எனக்குச் சலித்துவிட்டது. முனிராஜ் என்று மாற்ற நினைத்தேன். தமிழில் பெயர் மாற்றுவது லேசு இல்லை. மாரப்பன் என்று தேடினால் மாரப்பனுக்கு, மாரப்பனை, மாரப்பனோடு எதுவும் சிக்காது, ஏனென்றால் அங்கெல்லாம் ன் என்ற புள்ளியெழுத்தே இல்லை. ஆனால் கணினிக்கு ன் என்பது ன-வும் ஒரு புள்ளியும், னு என்பது ன-வும் ஒரு உகரக் குறியும். அப்படியானால் புள்ளியை விட்டுவிட்டு 'மாரப்பன' என்று தேடி 'முனிராஜ' என்று மாற்றினால்? மாரப்பன் முனிராஜ் ஆனான், மாரப்பனுக்கு என்பது முனிராஜுக்கு ஆனது, மாரப்பனை முனிராஜை ஆனது. நானூற்றுச் சொச்சம் இடம், ஒன்றுகூடப் பிசகவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு பெருமை. இதுவே அவன் பெயரைச் சின்னசாமி என்று மாற்றியிருந்தால் எல்லா இகரத்தின் தலையிலும் ஒரு புள்ளி உட்கார்ந்திருக்கும். புள்ளியில் முடியும் பெயருக்குப் புள்ளியில் முடியும் பெயர்தான் மாற்று. இதை எந்தக் கையேட்டிலும் நான் படிக்கவில்லை.

அந்தப் பெருமையில்தான் மகளின் பெயரில் கை வைத்தேன். அவள் பெயர் காவேரி. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போன இடத்தில் வலி கண்டு பிறந்தவள் என்று வைத்த பெயர். ஆனால் 'காவேரி கரையில் காவேரி நின்றாள்' என்ற மாதிரி வாக்கியங்கள் அடிக்கடி வந்து, ஆறு எது பெண் எது என்று எனக்கே குழம்பியது. எனவே பெயரை ருக்கம்மா என்று மாற்ற முடிவு செய்தேன். எதற்காக மாற்றுகிறேனோ அதையே மறந்துவிட்டு, திட்டம் முழுவதும் மாற்று என்று கொடுத்தேன். திரும்பப் பெற முடியாது, சரியா என்று கேட்டது. சரி என்றேன்.

ஒரு வாரம் கவனிக்கவில்லை. தினமும் இரண்டு முறை திறந்து மூடினேன். ஐந்து காப்புப் பிரதியும் புதுப் பிரதிகளாக மாறிப்போயின. எட்டாவது நாள் ஒகேனக்கல் அத்தியாயத்தைப் படித்தால் 'ருக்கம்மா கரைபுரண்டு ஓடினாள்' என்று இருக்கிறது. அடுத்த பக்கத்தில் ருக்கம்மாவில் மூன்று பேர் முங்கி எழுந்தார்கள். கல்யாணமாகி அவள் வாழப்போகிற ஊர் காவேரிப்பட்டணம். அது ருக்கம்மாப்பட்டணம் ஆகியிருந்தது. கர்நாடகத்தில் நல்ல மழை, ருக்கம்மாவுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை. இவ்வளவு இருந்தும் இலக்கணமாவது நேராக வந்ததா என்றால் அதுவும் இல்லை. காவேரியிடம் என்பது ருக்கம்மாயிடம் ஆகியிருந்தது, காவேரிக்கு என்பது ருக்கம்மாக்கு. இகரத்தில் முடியும் பெயருக்கு யகரம் வரும், ஆகாரத்துக்கு வகரம். ஒன்பதாம் வகுப்பில் உடம்படுமெய் சொல்லிக் கொடுத்தபோது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்ததற்கு இத்தனை வருடம் கழித்து அடி விழுந்தது.

ருக்கம்மா என்று ஒவ்வொன்றாகத் தேடி, இது ஆறா, ஊரா, பெண்ணா என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினேன். பதினோரு இரவு. அதில் ஒரு நல்லது நடந்தது: அத்தனை நாளும் அவள் வரும் ஒவ்வொரு வரியையும் படிக்கவேண்டியிருந்ததால், கல்யாணத்துக்குப் பிறகு அவள் நூறு பக்கத்துக்குப் பேசவே இல்லை என்பது தெரிந்தது. நானே எழுதிவிட்டு நானே கவனிக்காமல் இருந்திருக்கிறேன். இரண்டு அத்தியாயம் கூடியது.

சொல் எண்ணிக்கை பற்றிக் கொஞ்சம். இலக்கு வைத்துக்கொள்ள ஒரு கட்டம் உண்டு, எழுத எழுதக் கோடு நிறம் மாறும். அமெரிக்காவில் 1999-ல் தொடங்கிய நவம்பர் நாவல் பழக்கத்தில் முப்பது நாளில் 50,000 சொல் எழுதவேண்டியிருந்தது. அந்த எண் அங்கிருந்து எல்லா ஊருக்கும் பரவியது, நானும் அதையே போட்டேன். ஒரு நாளைக்கு 1,667 சொல். நான் முக்கி முக்கி எண்ணூறுதான் வந்தது. பிறகுதான் புரிந்தது, 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று நான் ஒரு சொல் எழுதினால் ஆங்கிலத்தில் அதற்கு ஆறு சொல்லாவது வேண்டும். என் அலமாரியில் இருந்த ஒரு தமிழ் நாவலை எடுத்து ஒரு பக்கத்தை விரலால் எண்ணினேன், 190 வந்தது. அப்படிப் பார்த்தால் 50,000 என்பது 260 பக்கத்துக்கு மேல். இலக்கை நாளுக்கு 400 என்று குறைத்தேன். கோடு தினமும் பச்சையாக மாறியது, எனக்கும் நிம்மதி. எழுத்தை எண்ணலாமே என்றால் அது இன்னும் மோசம், கி என்பதைக் கணினி இரண்டாக எண்ணும், க்கு என்பதை நான்காக.

இந்தத் தை மாதம் முதல் வரைவு முடிந்தது. தொகு என்று கொடுத்தால் தாள்களையெல்லாம் வரிசையாகக் கோத்து, அத்தியாய எண் போட்டு, முகப்புப் பக்கத்தோடு ஒரே கோப்பாகத் தரும். அதைக் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்து, சுருள்கம்பி போட்டு வாங்கினேன். 312 பக்கம். கடைப் பையன் அதைத் தராசில் வைக்காத குறையாகத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தான்.

முதலில் படிக்கக் கொடுத்தது என் அக்காவிடம். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரும் காவேரிப்பட்டணம்தான், கதையில் அந்த ஊர் வந்ததே அவளால்தான். இரண்டு வாரம் பேச்சே இல்லை. மாசி கடைசியில் ஒரு ராத்திரி போன் வந்தது.

"ஏன்டா, எங்க ஊரு பேர எப்ப மாத்துனாங்க?"

"என்னக்கா?"

"இருநூத்தி எழுபதாம் பக்கம். ருக்கம்மாப்பட்டணம் பஸ் ஸ்டாண்டுல எறங்குறா. யாருடா ருக்கம்மா, கவுன்சிலரா?"

பதினோரு இரவிலும் தப்பித்த ஒன்று. விளக்கிச் சொன்னேன், ஆறு, பெண், ஊர் எல்லாம். அக்கா சிரித்து முடிக்க நேரமானது. மற்றபடி எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள், ஆயா களி கிண்டுகிற இடம் நம்ம ஆயா மாதிரியே இருக்கிறது என்று. படிவத்தைப் பார்க்காமல் எழுதிய இடம் அது. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "தலைப்பும் நல்லாத்தான்டா வெச்சிருக்க" என்றாள்.

நான் தலைப்பே வைக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே எழுந்துபோய் என் பிரதியை எடுத்துப் பார்த்தேன். முகப்புப் பக்கத்தில், திட்டத்துக்கு முதல் நாள் நான் கொடுத்த பெயரை மென்பொருள் அப்படியே நடுவில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

சோதனை.

"பொருத்தமா இருக்கு" என்றாள் அக்கா. "படிக்கிறவங்களுக்கும் சேர்த்து."